முறிகண்டிக்குக் கிட்ட நிண்டு உதவின பட்டா லொறிக்கார அண்ணைக்கு

போன வெள்ளி இரவு, மாங்குளம் தாண்டி ஏ9 வீதியில அடைமழை. திடீரெண்டு வைப்பர் நிண்டுட்டுது. பின் சீற்றில வருத்தக்கார அம்மா.

அண்ணை, நான் மறிக்கவேயில்லை, நீங்களாத்தான் பட்டாவை நிப்பாட்டினீங்கள். சாவியை நிப்பாட்டச் சொல்லிப்போட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழ இருந்த பெட்டியில மஞ்சள் 20 அம்பியர் பியூஸைக் குறட்டால இழுத்து ரோச் வெளிச்சத்தில பிடிச்சீங்கள். உள்ளுக்கிருந்த மெல்லிய கம்பி அறுந்து, பிளாஸ்ரிக் கறுத்துப் போயிருந்தது. உங்களிட்டப் பச்சை 30 கையிலயே இருந்தும் போடேல்லை. "கூடினதைப் போட்டா பியூஸ் அறாமல் நிக்கும், வயர்தான் எரியும் தங்கச்சி" எண்டிட்டு, மழையில நனைஞ்சபடி உங்கட சாமான் பெட்டியைக் கிண்டி ஒரு 20 எடுத்தீங்கள்.

காசு நீட்டினன், வாங்கேல்லை. பேர்கூடக் கேக்காமல் விட்டிட்டன். இதைப் பாத்தா ஒரு வார்த்தை எழுதுங்கோ அண்ணை. அம்மா உங்களோட கதைக்கோணுமாம்.