ஒரு ஃபோன் போட்டால் தீராத பிரிவு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் காதல் படங்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். மழை, ரயில் நிலையம், பிரிக்கப்படாத கடிதம், கடைசி நிமிட ஓட்டம், நோயில் படுக்கையில் விழும் நாயகி என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, இந்த வாய்ப்பாட்டைத் தூக்கிப் போட்டால்தான் காதல் படங்களுக்கு விமோசனம் என்று முடித்திருந்தார் கட்டுரையாளர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

நான் விமர்சகன் அல்ல. முப்பத்தொரு வருடம் தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தவன். விமர்சகர் ஒரு படத்தை ஒரு தடவை பார்ப்பார். நாங்கள் ஒரு நாளைக்கு நாலு தடவை பார்ப்போம், அதுவும் சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாக. அதில் திரை தெரியும், திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் தலைகளும் தெரியும். காலப்போக்கில் நான் தலைகளைத்தான் அதிகம் பார்த்தேன்.

இரண்டாயிரம் அடி ரீல் ஒன்று சுமார் 22 நிமிடம் ஓடும். முடியப்போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி வந்து போகும். உடனே அடுத்த ரீல் மாட்டிய மெஷினின் மோட்டாரைப் போட வேண்டும். ஏழு நொடி கழித்து இரண்டாவது புள்ளி, அதில் மாற்றிவிட வேண்டும். காதல் படம் என்றால் கடைசிக்கு முந்தைய ரீலை மாட்டும்போதே தெரிந்துவிடும், இருவரும் பிரியப்போகிறார்கள் என்று. நானும் என் உதவியாளனும் அதற்குப் 'பிரிவு ரீல்' என்றே பெயர் வைத்திருந்தோம். மொழி புரியாத படத்திலும் அது தப்பியதில்லை.

ஆக, வாய்ப்பாடு இருக்கிறது என்று கட்டுரையாளர் சொன்னது உண்மைதான். ஆனால் அது கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்கும் தெரியுமே! 1997இல் வந்த 'டைட்டானிக்' படத்துக்கு டிக்கெட் வாங்கிய அத்தனை பேருக்கும் கப்பல் மூழ்கும் என்று தெரியும். தெரிந்துதான் மூன்று மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தார்கள். எத்தனையோ பேர் மறுபடியும் வந்தார்கள். முடிவு தெரிந்த கதையில் ஜனங்களுக்கு வேறு ஏதோ வேலை இருக்கிறது.

குறை வாய்ப்பாட்டில் இல்லை, தடையில் இருக்கிறது என்பது என் கட்சி. காதலர்கள் சேர முடியாமல் நடுவில் நிற்கிறதே, அதைச் சொல்கிறேன். ரொமான்டிக் காமெடியிலும் தடை உண்டு, ஆனால் அது விழுவதற்காகவே கட்டிய சுவர். அழவைக்கும் காதல் டிராமாவில் சுவர் லேசில் விழாது. விழுந்தாலும் யார் தலையிலாவது விழும். இதை மறந்துவிட்டு, காமெடிக்குப் போதுமான ஒரு தடையை வைத்து டிராமா எடுக்கும்போதுதான் படம் சப்பென்று போகிறது.

ஒரு படம், பெயர் வேண்டாம். நாயகி யாரோ ஓர் ஆளைக் கட்டிப்பிடிப்பதை நாயகன் தூரத்திலிருந்து பார்த்துவிடுகிறான். அந்த ஆள் அவளுடைய அண்ணன். நமக்குத் தெரியும், நாயகனுக்குத் தெரியாது. அதன்பின் இரண்டு ரீல் முழுக்க அவன் தாடி வளர்க்கிறான், இவள் ஜன்னலோரம் நிற்கிறாள். இரண்டாம் நாள் மாலைக் காட்சியில் முன் வரிசையிலிருந்து ஒருவர், "டேய், ஒரு ஃபோன் போடுடா!" என்று கத்தினார். தியேட்டரே சிரித்தது. அப்புறம் பிரிவு ரீல் ஓடியும் ஒரு கைக்குட்டைகூட வெளியே வரவில்லை. அந்த மனிதர் ஒரே வரியில் செய்ததைவிட நல்ல விமர்சனத்தை நான் படித்ததில்லை.

அதற்காகத் தவறான புரிதலே ஆகாது என்றும் சொல்ல மாட்டேன். லியோ மெக்கேரி என்ற இயக்குநர் 1939இல் 'லவ் அஃபேர்' எடுத்தார். அதே கதையை அவரே 1957இல் 'ஆன் அஃபேர் டு ரிமெம்பர்' என்று மறுபடி எடுத்தார். கப்பலில் சந்தித்த இருவர், ஆறு மாதம் கழித்து எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியில் சந்திப்பதாகப் பேசிவைக்கிறார்கள். அவன் மேலே காத்திருக்கிறான். அவசரமாக வரும் அவள் கீழே காரில் அடிபட்டு நடக்க முடியாமல் போகிறாள். அவள் வரவே இல்லை என்று அவன் நினைத்துக்கொள்கிறான். ஒரு ஃபோன் போட்டால் தீரும் விஷயம்தான் இதுவும்! ஆனால் அவள் போட மாட்டாள். தன்னைப் பார்த்து அவன் பரிதாபப்படுவதை அவளால் தாங்க முடியாது. அங்கே தடை கார் விபத்து இல்லை, அவளுடைய ரோஷம். இந்தப் படத்தைப் பார்த்து யாரும் ஃபோன் போடச் சொல்லிக் கத்தியதில்லை.

சில சமயம் தடையை வெளியிலிருந்தே யாராவது கொடுத்துவிடுவார்கள். 1934 முதல் ஹாலிவுட்டில் கடுமையாக அமலான தணிக்கை விதிகளின்படி, கணவன் இருக்கும் பெண் காதலனோடு போவதை நியாயமாகக் காட்ட வழியில்லை. 1942இன் 'காசாபிளாங்கா'வில் நாயகி கணவனோடு விமானம் ஏறித்தான் ஆக வேண்டும். அவளை அனுப்பிவைப்பது காதலனே என்று எழுதியதில்தான் சாமர்த்தியம். விதி இல்லாமல் இருந்திருந்தால் இப்படி ஒரு முடிவு கிடைத்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

நோயைப் பற்றிக் கட்டுரையாளர் கிண்டல் செய்தது சரியே. காசநோய் இருந்தவரை கதாசிரியர்களுக்குக் கவலை இல்லை. ஓர் இருமல், கைக்குட்டையில் ஒரு சொட்டு ரத்தம், போதும். 1943இல் அதைக் குணப்படுத்தும் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள், நாயகிகளுக்கு வேறு நோய் தேட வேண்டியதாயிற்று. இப்போதெல்லாம் என்ன நோய் என்றே சொல்வதில்லை. சாகும்வரை தலைமுடி கலையாத ஒரு நோய்.

அவர் பட்டியலில் விட்ட ஒன்றை நான் சேர்ப்பேன். வேண்டாம் என்று சொன்ன பெண்ணை விடாமல் துரத்தினால் கடைசியில் மனம் இரங்கிவிடுவாள் என்பது. மழையும் ரயிலும் அப்படியே இருக்கட்டும், இதைத் தூக்கிப் போடுவதாக இருந்தால் முதல் ஆளாக வருகிறேன். இந்தக் காட்சிகளில் பெண்களின் தலைகள் லேசாகக் குனிவதை ஜன்னல் வழியாகப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

ரயில் நிலையம் தேய்ந்துபோன இடம் என்கிறார். ஞாயிறு காலைகளில் ஃபிலிம் சொசைட்டிக்காரர்கள் எங்கள் தியேட்டரை வாடகைக்கு எடுப்பார்கள். அப்படி ஓட்டியதுதான் டேவிட் லீன் எடுத்த 'பிரீஃப் என்கவுன்டர்', 1945 படம். இருவருமே வேறு வேறு ஆட்களை மணந்தவர்கள். ரயில் நிலைய டீக்கடையில் கடைசியாக உட்கார்ந்திருக்கிறார்கள். இனிமேல் பார்க்கப்போவதில்லை. அந்த நேரம் பார்த்து அவளுக்குத் தெரிந்த ஒரு பெண்மணி வந்து மேஜையில் உட்கார்ந்து, மூச்சு விடாமல் பேச ஆரம்பிக்கிறாள். விடைபெற ஒரு வார்த்தை சொல்ல முடியாது. ரயிலுக்கு நேரமாகிறது. அவன் எழுந்து, போகிற போக்கில் அவள் தோளில் கையை வைத்து லேசாக அழுத்திவிட்டுப் போகிறான். அவ்வளவுதான். அதே ரயில் நிலையம், அதே பிரிவு, ஆனால் கட்டிப்பிடித்தல் இல்லை, ஓட்டம் இல்லை. கீழே அறுபது எழுபது பேர் இருந்திருப்பார்கள். ஒரு நாற்காலிகூட முனகவில்லை.

அதே சொசைட்டிக்கு ஓட்டிய இன்னொன்று, வசனம் முழுவதையும் பாடியே எடுத்த 1964இன் 'செர்பூர்க்கின் குடைகள்'. அதில் வில்லன் கிடையாது. அவன் ராணுவத்துக்குப் போக வேண்டியிருக்கிறது, கடிதம் குறைகிறது, அவள் வேறொருவரை மணக்கிறாள். வருடங்கள் கழித்துப் பனி கொட்டும் இரவில் அவள் கார் ஒரு பெட்ரோல் பங்கில் நிற்கிறது. பங்கு அவனுடையது. காருக்குள் அவன் மகள். தாயிடம் பங்கில் வேலை பார்க்கும் ஒரு பையன், எந்தப் பெட்ரோல் போடட்டும் என்று கேட்கிறான். இவ்வளவு துக்கத்துக்கு நடுவில் அந்தக் கேள்வி!

கடைசியாக ஒன்று. படம் முடிந்ததும் தியேட்டர் விளக்கைப் போடுவதும் என் வேலை. சண்டைப் படம் என்றால் கடைசி எழுத்து விழுந்ததும் போட்டுவிடுவேன். பிரிவு ரீல் வேலை செய்த படமாக இருந்தால் மனசுக்குள் பத்து எண்ணிவிட்டுப் போடுவேன், முகத்தைத் துடைத்துக்கொள்ளட்டும் என்று. அண்ணனைக் கட்டிப்பிடித்த படத்துக்கு இரண்டுகூட எண்ணவில்லை. ஏன் சில நாள் லைட் லேட்டாகிறது என்று மேனேஜர் கேட்பார். சுவிட்ச் மக்கர் பண்ணுகிறது சார் என்பேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற ஒரு தியேட்டர் ஆபரேட்டர்