செயலாளர் ஆண்டறிக்கை: கோட்டைச் சுவரும் கொட்டாங்குச்சியும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

நம் அறிவியல் மன்றத்தின் மாதக் கூட்டங்கள் இவ்வாண்டு பத்து நடந்தன. மழையால் தள்ளிவைத்த இரண்டும் தள்ளிவைத்தபடியே நின்றுவிட்டன. மாயாஜாலப் படக் காட்சிகளைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தபோது, படம் பார்க்கும் சுகமே போய்விடும் என்று மூத்த உறுப்பினர் ஒருவர் எதிர்த்தார். அதன்பின் ஒரு கூட்டத்தையும் அவர் தவறவிடவில்லை என்பதைக் குறிப்பேட்டில் பதிந்திருக்கிறேன்.

தொடக்கம் 'மாயா பஜார்' (1957). தட்டிலிருந்து கடோத்கஜன் வாய்க்குத் தாமாகவே போகும் லட்டுகள்! அரை மீட்டர் உயரம் எழும்ப ஒரு லட்டு மணிக்கு 11 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்ப வேண்டும், சைக்கிள் வேகம்தான். அது நிதானமாக மிதந்து போவதால் யாரோ வழிநெடுகத் தாங்கிப் பிடிக்கிறார்கள் என்று தீர்ப்பாயிற்று.

ஆண்டின் பெரும்பகுதியை 'பாகுபலி 2' (2017) எடுத்துக்கொண்டது. மரத்தை வளைத்து, கேடயங்களால் கூடு கட்டிக்கொண்ட வீரர்களைக் கோட்டைக்குள் எறியும் காட்சி. மரம் தென்னையா பனையா என்பதிலேயே கால் மணி நேரம் கழிந்தது. சுவர் 20 மீட்டர், எறிகோணம் 45 பாகை என்று வைத்துக்கொண்டோம். சுவரைத் தாண்ட நொடிக்கு 28 மீட்டர் வேகம் வேண்டும்; மணிக்கு நூறு கிலோமீட்டர். கவசத்தோடு ஆளுக்கு 80 கிலோ என ஆறு பேருக்கு 1,90,000 ஜூல் அளவு ஆற்றலை மரம் தர வேண்டும். மரத்தின் நுனி 5 மீட்டர் தூரம் தள்ளினால், வீரர்மேல் அவரவர் எடையைப்போல் எட்டு மடங்கு அழுத்தம், அதுவும் அரை நொடிக்குள். போர் விமானிகள் இதைத் தாங்குகிறார்கள். ஆக, கிளம்புவது பெரிய சிக்கல் இல்லை.

இறங்குவதுதான் வம்பு. கேடயம் அம்பைத் தடுக்கும். உள்ளே இருப்பவரின் வேகத்தைத் தடுக்காது. கீழ்நோக்கிய வேகத்தை மட்டும் எடுத்தாலே 20 மீட்டர் சுவர் உச்சியிலிருந்து குதித்ததற்குச் சமம். அரை மீட்டருக்குள் நின்றால் நாற்பது மடங்கு.

ஏட்டுக் கணக்கை நம்பாத இளைஞர்கள், பள்ளி மைதானத்தில் மூங்கிலை வளைத்துக் கட்டினார்கள். இரண்டு கொட்டாங்குச்சிகளை முட்டையோடு சேர்த்துக் கயிற்றால் இறுக்கி எறிந்தார்கள். கொட்டாங்குச்சியில் கீறல்கூட விழவில்லை. கயிற்றை அவிழ்த்தபோது மஞ்சள் கரு விரலிடுக்கில் வழிந்தது. அடுத்த முறை உள்ளே வைக்கோல் திணித்தார்கள், முட்டை பிழைத்தது. நிற்கும் தூரம் கூடினால் அடி குறையும் என்று கரும்பலகையில் பத்து முறை எழுதியும் ஏறாதது அன்று எல்லோருக்கும் ஏறியது. கோட்டைக்குள் 4 மீட்டர் உயரத்துக்கு வைக்கோற்போர் இருந்திருந்தால் ஐந்து மடங்கோடு தப்பிக்கலாமே என்று மூத்த உறுப்பினர் வாதாடினார். எதிரி ஏன் அங்கே வைக்கோற்போர் போட்டு வைப்பான் என்று கேட்டேன். குதிரைகளுக்குத் தீனி வேண்டாமா என்றார். விடை சொல்ல முடியாமல் கூட்டத்தை முடித்தேன்.

'நான் ஈ' (2012) பற்றி ஒரே அமர்வு. உருவம் சிறுக்கச் சிறுக்க, எடை குறையும் அளவுக்குப் பரப்பு குறைவதில்லை. அதனால் ஈ எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் காற்றே தாங்கிக்கொள்ளும். இதையே திருப்பிப் போட்டால், பூதாகார உருவங்களுக்குக் கால் எலும்பு ஒடியும். உடல் இரு மடங்கு உயர்ந்தால் எடை எட்டு மடங்கு, எலும்பின் குறுக்குப் பரப்போ நான்கு மடங்குதான். பெரிய விலங்கின் எலும்பு விகிதம் மாறித் தடித்தாக வேண்டும் என்று கலிலியோ 1638-இலேயே எழுதியிருக்கிறார்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். அதில் 'ஓடு' என்றிருப்பது மூன்றாவது கொட்டாங்குச்சி வராந்தாக் கூரையில் இறங்கியதற்கு. 45 பாகை என்று சொன்னது நான். கட்டியவர்கள் கண்ணளவாகக் கட்டிவிட்டார்கள். தலைமையாசிரியரிடம் மன்னிப்புக் கடிதம் கொடுத்தாயிற்று.

மூங்கில் இன்னும் நூலகத்தின் பின்புறம் கிடக்கிறது. பந்தலுக்கு வேண்டுபவர் எடுத்துக்கொள்ளலாம். அறிக்கையை அவை ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்