டயாலிசிஸ் வார்டு அக்காவுக்கு

ஸ்தோத்திரம் அக்கா. திருநெல்வேலியில் எங்கள் அப்பாவுக்கு டயாலிசிஸ் நடந்த நாட்களில், வெளியே பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்களே, உங்களுக்குத்தான் இது. பெயரைக் கேட்காமலே விட்டுவிட்டேன்.

பார்க்க வந்தவர்களெல்லாம் "விசுவாசமா இரு, ஆண்டவர் சோதிக்கிறார்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கோ ஜெபிக்க வாயே வரவில்லை. நீங்கள் முதலில் ஃபிளாஸ்க் மூடியில் டீ ஊற்றிக் கொடுத்தீர்கள். அப்புறம் பிளாஸ்டிக் கவர் போட்ட வேதாகமத்தை எடுத்து, 88ஆம் சங்கீதத்தை விரலால் காட்டி, "இதைப் படிங்க, இதுல கடைசி வரைக்கும் ஆறுதலே கிடையாது" என்றீர்கள். சிரிப்பு வந்துவிட்டது, அந்த இடத்தில்!

உண்மைதான். 13ஆம் சங்கீதம் "எதுவரைக்கும்" என்று நான்கு தரம் கேட்டாலும் ஆறாம் வசனத்தில் பாட்டுக்கு வந்துவிடுகிறது. 88 அப்படித் திரும்புவதே இல்லை. நண்பர்கள் விலகிப்போன புலம்பலோடு நின்றுவிடுகிறது. ஆனாலும் அது கர்த்தரைப் பார்த்துத்தான் புலம்புகிறது. அன்று இரவு நானும் புலம்பினேன். பல மாதங்களுக்குப் பிறகு செய்த முதல் ஜெபம் அதுதான்.

அப்பா வீட்டில் இருக்கிறார், டயாலிசிஸ் தொடர்கிறது. குடும்ப ஜெபத்தில் உங்கள் கணவரை "அந்த அக்கா வீட்டுக்காரர்" என்றே சொல்லி ஜெபிக்கிறோம். ஆண்டவருக்கு ஆள் தெரியும். ரொம்ப நன்றி அக்கா.