நிலவு முட்டையாக இருந்த அந்தக் கதை பற்றி

அன்புள்ள மலர்,

நீ பார்க்கச் சொன்ன 'டாக்டர் ஹூ' என்கிற பிரிட்டிஷ் டிவி தொடரின் எபிசோடை, அதுதான் அந்த 'கில் த மூன்', நானும் உங்கம்மாவும் பார்த்துவிட்டோம். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கோபமும் வந்தது. போனில் 'நல்லா இருந்துச்சு கண்ணு' என்று சொல்லி முடிக்க மனசு வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் அறிவியலைச் சொல்லிவிடுகிறேன். என் மனத்தாங்கல் அதில் இல்லை. கதை 2049இல் நடக்கிறது. நிலவின் எடை 130 கோடி டன் கூடிவிட்டது, அதனால் கடல் பொங்கி ஊர்கள் அழிகின்றன என்கிறார்கள். நிலவின் மொத்த எடையில் அது ஏறக்குறைய 5,600 கோடியில் ஒரு பங்கு. அதை வைத்து ஓர் அலையைக்கூடக் கூடுதலாகத் தூக்க முடியாது. கதாநாயகன் டாக்டர் யோ-யோவை ஆட்டிப் பார்த்து ஈர்ப்பு பூமியில் இருப்பதுபோல இருக்கிறது என்கிறாரே, அதற்கு நிலவு இதே அளவில் ஆறு மடங்கு கனத்திருக்க வேண்டும். உங்கம்மா கேட்டதுதான் சரியான கேள்வி: "அடை வெச்ச முட்டை கனம் கூடுமா?" கூடாது. 21 நாளும் ஓட்டின் நுண்துளை வழியாக ஈரம் போய், எடை குறையத்தான் செய்யும். அப்பல்லோ விண்வெளி வீரர்கள் நிலவில் வைத்துவிட்டு வந்த நில அதிர்வுக் கருவிகள் 1977 வரை வேலை செய்தன. உள்ளே பாறையும் இரும்பு மையமும் இருப்பது தெரிந்த சங்கதி.

இவ்வளவும் தெரிந்துகொண்டேதான் பார்த்தேன். இருந்தும் டாக்டராக நடிக்கும் பீட்டர் கபால்டி 'நிலவு ஒரு முட்டை' என்று சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தினமும் தலைக்கு மேலே பார்க்கிற ஒன்றைப் பற்றி இப்படி ஒரு நினைப்பு வருவதற்கே தைரியம் வேண்டும். லான்சரோட்டே தீவின் எரிமலை மண்ணில் படம்பிடித்திருக்கிறார்கள், அந்தக் கருப்பு மண் மனசிலேயே நிற்கிறது. சிலந்திகள் வரும் முதல் பாதி வழக்கமான பயமுறுத்தல். அந்தப் பள்ளிக்கூடப் பெண் கிருமிநாசினி ஸ்பிரே அடித்துச் சிலந்தியைக் கொல்வதை உங்கம்மா கை தட்டி ரசித்தாள்.

என் கோபம் விளக்குகளில் ஆரம்பிக்கிறது.

உள்ளே இருக்கும் குஞ்சைக் கொல்ல நூறு அணுகுண்டுகள் தயார். டாக்டர் போய்விட்டார். அவரோடு வந்த கிளாரா பூமிக்குச் செய்தி அனுப்புகிறாள்: கொல்ல வேண்டுமென்றால் விளக்கை அணையுங்கள், வாழ விட வேண்டுமென்றால் எரிய விடுங்கள். பூமி பகுதி பகுதியாக இருட்டாகிறது. மின்வாரியத்தில் வாழ்நாளெல்லாம் ஷிஃப்ட் பார்த்தவன் அதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? வீட்டுக்கு வீடு மனிதர்கள் யோசித்து அணைத்தால் இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று அணையும். பகுதி பகுதியாகப் போனால் யாரோ சப்ஸ்டேஷனில் பிரேக்கரைத் திறந்து அந்தப் பகுதிக்கே கரண்டை நிறுத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அவ்வளவு தூரத்திலிருந்து தெரிகிற வெளிச்சத்தில் தெருவிளக்கும் தொழிற்சாலையும்தான் பெரும்பங்கு. அதற்கெல்லாம் வீட்டில் சுவிட்ச் கிடையாது. இதுதான் வாக்கெடுப்பு என்றால், நிலவுக்குத் தெரியாத பூமியின் மறுபாதிக்கு ஓட்டே இல்லை. வெள்ளத்தில் கரண்ட் போன ஊர்களின் ஓட்டு எந்தப் பக்கம் சேரும்?

2020 ஏப்ரல் 5 ஞாபகம் இருக்கிறதா? ராத்திரி 9 மணிக்கு 9 நிமிடம் வீட்டு விளக்கை மட்டும் அணைக்கச் சொன்னார்கள். அதற்கே நாட்டின் லோடு, அதாவது மின்தேவை, சில நிமிடங்களில் 30,000 மெகாவாட்டுக்கு மேல் இறங்கியது. நீர்மின் நிலையங்களை வைத்துத்தான் ஃப்ரீக்வன்சியை (மின்சாரத்தின் அதிர்வெண்ணை) ஏறிவிடாமல் பிடித்து நிறுத்தினார்கள். உலகமே ஒரேயடியாக அணைத்தால் ஜெனரேட்டர்கள் வரிசையாக டிரிப் ஆகி நின்றுவிடும், எரிய விட நினைத்தவன் வீடும் சேர்ந்து இருட்டாகும். அப்படியானால் அணைந்தது மனிதர்கள் எடுத்த முடிவா, கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருந்த நாலு பேர் எடுத்த முடிவா? இந்தக் கேள்வியைக் கதையில் ஒருவர் கேட்டிருந்தாலும் போதும், கடைசி நொடியில் கிளாரா வெடிகுண்டை நிறுத்துவதற்குக் கனம் கூடியிருக்கும். கதை கேட்கவில்லை. உலகமே கொல்லச் சொன்னது, ஒருத்தி மட்டும் மறுத்தாள் என்று நேராகப் போய்விடுகிறது.

நானாக இருந்தால் அணைத்திருப்பேன், மலர். நீ பிரைட்டனில் கடலிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கிறாய். நிலவு உடைந்து விழப்போகிறது என்றால் நான் வேறெதையும் யோசித்திருக்க மாட்டேன். அந்தக் குஞ்சு பாவம்தான். விளக்கை அணைத்துவிட்டு அழுதிருப்பேன். அப்படி அணைத்த மனிதர்களில் ஒருவரையாவது கதை காட்டியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக என்ன நடக்கிறது? குஞ்சு பொரிந்து பறந்து போகிறது. ஓடு ஒருவர் தலையிலும் விழாமல் கரைந்துபோகிறது. பிறந்த நிமிடமே அது தன் அளவுக்கு ஒரு முட்டை இட்டுவிட்டுப் போக, புது நிலவு பழைய இடத்திலேயே நிற்கிறது. கிளாரா எடுத்த முடிவுக்கு ஒருவரும் ஒரு விலையும் கொடுக்கவில்லை. பயந்தவர்கள் பயந்தது வீண் என்றாகிவிட்டது. அவர்கள் பயந்ததில் நியாயம் இருந்தது என்பதைக் கதை மறந்துவிட்டது. இதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. எடையை எப்படி வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளட்டும்.

இவ்வளவு சொல்லிவிட்டு, கடைசி ஐந்து நிமிடத்துக்காக இதை மறுபடியும் பார்ப்பேன் என்றும் சொல்ல வேண்டும். கிளாராவாக நடிக்கும் ஜென்னா கோல்மன் டாக்டரிடம் போடும் சண்டை. 'இது உங்கள் நிலவு, முடிவும் உங்களுடையது' என்று சொல்லிவிட்டுப் போனதில் அவளுக்கு மரியாதை செய்ததாக அவர் நினைக்கிறார். அவள் குரல் நடுங்க, கண்ணீரோடு, போய்விடு என்கிறாள். டாக்டர் செய்தது சரிதான், வளர்ந்தவர்களை அப்படித்தான் விட வேண்டும் என்று நீ எழுதியிருந்தாய். இதில் உன்னோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. உனக்கு இரண்டு இடத்திலிருந்தும் வேலை வந்தபோது நாங்கள் எது நல்லது என்று வாயே திறக்கவில்லை. ஆனால் நீ விடிய விடிய விழித்திருந்த ராத்திரியில் உங்கம்மா டீ போட்டுக்கொடுத்தாள், நான் பேங்க் லோன் பேப்பரை விரித்துக் கணக்குப் போட்டுக்கொண்டு கூடத்திலேயே இருந்தேன். கிளாராவுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அவர் ஒன்றும் சொல்லியிருக்க வேண்டாம். பக்கத்தில் நின்றிருந்தால் போதும்.

ஒன்றுமட்டும் கதைக்குச் சாதகமாகச் சொல்கிறேன். அந்த டாக்டரைக் கதை நல்லவராக்கி அனுப்பிவிடவில்லை. நிலவு விஷயத்தில் எல்லோரையும் சுலபமாகத் தப்பவிட்ட அதே கதாசிரியர் பீட்டர் ஹார்னஸ், இங்கே ஒரு சமாதான வார்த்தைகூட எழுதாமல் முடித்திருக்கிறார். எழுதத் தெரிந்தவர்தான். அதனால்தான் விளக்கு விஷயத்தில் இத்தனை ஆதங்கம்.

ஞாயிற்றுக்கிழமை அடுத்த எபிசோடைப் பார்க்கப்போகிறோம். கிளாரா திரும்பி வருகிறாளா என்று உங்கம்மா இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறாள். நீ போனில் சொல்லிவிடாதே.

அன்புடன்,
அப்பா