அப்பத்தாவுக்கு இயந்திரப் பிராணி வேண்டுமா?

சிபா, ஜப்பான்

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கு நான் நலம். நீங்களும் மதினியும் பிள்ளைகளும் அப்பத்தாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்பத்தா பகலெல்லாம் யாரிடமும் பேசாமல் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதாகவும், ஜப்பானில் முதியவர்களுக்கென்று செய்யப்படும் இயந்திரப் பிராணி ஒன்றை வாங்கி அனுப்ப முடியுமா என்றும் தொலைபேசியில் கேட்டீர்கள். இரண்டு வரியில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

நான் வேலை செய்யும் பராமரிப்பு இல்லத்தில் இருப்பது 'பாரோ' என்னும் இயந்திரம்; சீல் என்ற கடல் விலங்கின் வெள்ளைக் குட்டியைப் போல இருக்கும். தகானோரி ஷிபாதா என்ற ஆய்வாளர் 1993-இல் தொடங்கிய ஆராய்ச்சியின் பலனாக அது 2005-இல் இந்த நாட்டில் விற்பனைக்கு வந்தது. 2009-இல் அமெரிக்க அரசு அதை மருத்துவக் கருவிகளின் பட்டியலில் சேர்த்தது. நாயோ பூனையோ செய்யாமல் யாரும் வளர்த்திராத சீல் குட்டியை ஏன் செய்தார்கள் என்று எனக்கும் முதலில் வியப்பாகவே இருந்தது. நாய் பூனைகளோடு பழகியவர்கள் இயந்திரத்தை உடனே உண்மையான பிராணியோடு ஒப்பிட்டு, 'இது அப்படி இல்லையே' என்று ஏமாந்து போகிறார்கள். சீல் குட்டியை மடியில் வைத்துப் பார்த்தவர் எவரும் இல்லாததால் அந்த ஒப்பீடு எழுவதில்லை. இந்தக் காரணத்தைக் கேட்டபோது, செய்தவர் இயந்திரத்தை மட்டுமல்ல, மனிதரையும் கவனித்தவர் என்று தோன்றியது.

ஏறத்தாழ இரண்டரைக் கிலோ எடை. மடியில் வைத்தால் கைக்குழந்தையின் கனம் தெரியும். ரோமத்துக்கு அடியிலும் மீசை மயிரிலும் தொடுகையை உணரும் கருவிகள் இருக்கின்றன. வெளிச்சத்தையும் ஒலியையும் தன்னை எப்படிப் பிடித்திருக்கிறார்கள் என்பதையும் அது உணர்கிறது. தடவினால் தலையைத் தூக்கி இமைகளை மூடித் திறக்கும். ஓங்கித் தட்டினால் முனகும். திரும்பத் திரும்ப ஒரு பெயரைச் சொல்லி அழைத்தால் அந்தப் பெயருக்குத் திரும்பப் பழகிக்கொள்ளும். மின்னேற்றும் கருவியைக் குழந்தைகளின் சூப்பானைப் போலச் செய்து அதன் வாயில் பொருத்தும்படி வைத்திருக்கிறார்கள். அது நடக்காது என்பதை ஒரு குறையாக முதலில் எண்ணினேன். ஆனால் காலடியில் சுற்றி வரும் எதுவும் முதியவர்களைத் தடுக்கி விழச் செய்துவிடும் இடத்தில் அது பெரிய நிம்மதி.

பயன் எங்கே தெரிகிறது என்றால், மாலை நேரத்தில். நினைவு மங்கிய பலருக்குப் பொழுது சாயும்போது மனம் நிலைகொள்ளாமல் போய்விடுகிறது. எங்கள் இல்லத்தில் ஒரு மூதாட்டி தினமும் அந்நேரத்தில் கைப்பையை எடுத்துக்கொண்டு வாசல் கதவருகே வந்து, பள்ளியிலிருந்து மகனை அழைத்து வர வேண்டும் என்பார். அந்த மகனுக்கே இப்போது பேரப் பிள்ளைகள் இருக்கிறார்கள். தடுத்தால் அழுவார், விளக்கிச் சொன்னால் கோபப்படுவார். பாரோவை மடியில் வைத்து, "இது தூங்காமல் அடம் பிடிக்கிறது, கொஞ்சம் பார்த்துக்கொள்கிறீர்களா?" என்று கேட்டால் கைப்பை தானாகக் கீழே இறங்கிவிடும். அண்ணா, இவர்களுக்கு உணவு ஊட்டுவதும் குளிப்பாட்டுவதும் உடை மாற்றுவதும் நாங்கள். எழுந்தது முதல் படுக்கும் வரை பிறரிடமிருந்து பெற்றுக்கொண்டே இருக்கிறார்கள். அந்த அரை மணி நேரத்தில் மட்டும்தான் அவர் இன்னோர் உயிருக்குச் செய்கிறவராக இருக்கிறார். அந்த இயந்திரம் அவருக்கு அன்பு தருகிறது என்று விளம்பரங்களில் சொல்வதை நான் நம்பவில்லை; அவர் அன்பு காட்டுவதற்கு ஓர் இடம் தருகிறது என்றால் ஒப்புக்கொள்வேன்.

எல்லோரிடமும் இது நடப்பதில்லை. பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் அதைத் தலைகீழாகப் புரட்டி மின்கலம் எங்கே இருக்கிறது என்று தேடிவிட்டு, அதற்குப் பிறகு திரும்பியும் பார்க்கவில்லை. இன்னொரு பாட்டியோ இயந்திரம் என்று நன்றாகத் தெரிந்தே அதற்கு இரவு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் படுக்கிறார். உயிருள்ளது என்று நம்புகிறவர்களை நாம் ஏமாற்றுகிறோமோ என்ற கேள்வி எனக்கும் உண்டு. நேராகக் கேட்டால் இயந்திரம் என்றே சொல்லிவிடுவது என் வழக்கம். கேட்காதவரிடம் வலியப் போய்ச் சொல்வதில்லை. இது முழு நேர்மையா என்று வாதிட்டால் உங்களிடம் நான் தோற்றுப்போகலாம்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 28 இல்லங்களில் 415 பேரிடம் செய்த ஆய்வு ஒன்றின் முடிவுகள் 2017-இல் வெளியாயின. ஒரு பிரிவினருக்கு இயங்கும் பாரோ, இன்னொரு பிரிவினருக்கு இயக்கம் நிறுத்தப்பட்ட அதே பாரோ, மூன்றாம் பிரிவினருக்கு வழக்கமான பராமரிப்பு மட்டும். இயங்கும் பாரோவிடம் முதியவர்கள் அதிகம் பேசினார்கள், அதிகம் பார்த்தார்கள். வழக்கமான பராமரிப்பு மட்டும் பெற்றவர்களைவிட அவர்களிடம் மகிழ்ச்சி கூடியிருந்தது, பதற்றம் குறைந்திருந்தது. ஆனால் சில அளவுகளில் அசையாத பொம்மையும் ஏறக்குறைய அதே பலனைத் தந்துவிட்டது. அமெரிக்காவில் ஏறத்தாழ 6,000 டாலருக்கு விற்கும் ஒரு பொருளைப் பற்றி, வாங்கப் போகிறவர் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோ 2015-இல் கொண்டுவந்த, மியாவ் என்று கத்தி உருளும் பூனை இதில் மிகச் சிறு பங்கு விலைதான். நியூயார்க் மாநில முதியோர் துறையே அத்தகைய பூனைகளையும் நாய்களையும் தனித்து வாழும் முதியவர்களுக்குக் கொடுத்து வருகிறது.

பழுதாகிவிட்டால் என்ன செய்வது என்பதையும் யோசியுங்கள். சோனி நிறுவனம் 1999-இல் விற்கத் தொடங்கிய 'ஐபோ' என்ற இயந்திர நாயின் உற்பத்தி 2006-இல் நின்றது. 2014-இல் நிறுவனம் பழுதுபார்ப்பதையும் நிறுத்திக்கொண்டது. நான் இருக்கும் இதே சிபா மாகாணத்தில், இசுமி என்னும் ஊரின் கோஃபுகுஜி என்ற புத்தக் கோயிலில், உதிரிப் பாகங்களுக்காகப் பிரிக்கப்படும் முன் அந்த நாய்களை வரிசையாக வைத்து இறுதிச் சடங்கு செய்தார்கள். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். உரிமையாளர்கள் சிரிக்கவில்லை.

இனி அப்பத்தாவைப் பற்றி. அவருக்கு நினைவு தவறவில்லை. எழுபது வருடத்துக் கொடுக்கல் வாங்கலை இன்றும் நாள் கிழமையோடு சொல்வார். அவர் மடியில் இதை வைத்தால், "என்னைச் சிறு பிள்ளையாக்கிவிட்டீர்களா" என்று கேட்பார், அந்தக் கேள்விக்கு உங்களிடமும் பதில் இருக்காது. ஆகவே இப்போது வாங்க வேண்டாம். அவர் பேசாமல் இருப்பதற்குத் தனிமைதான் காரணம் என்று முடிவு கட்டும் முன், காதைப் பரிசோதித்துவிடுங்கள். போன முறை நான் பேசியபோது இரண்டு முறை தொடர்பே இல்லாமல் பதில் சொன்னார். இங்கே அப்படி ஒதுங்கிப்போன சிலர், காதில் கருவி வைத்த பிறகு பேச்சுக்குத் திரும்பியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, மதினி தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். அப்பத்தா மருத்துவமனையிலிருந்து திரும்பியபோது, சிரமப்பட வேண்டாம் என்று வீட்டுக் கணக்கு நோட்டை நாம் எல்லோரும் சேர்ந்துதான் அவரிடமிருந்து வாங்கிக்கொண்டோம். அதை அவரிடமே திருப்பிக் கொடுங்கள். கூட்டல் தப்பினால் தப்பட்டும். இரவில் நீங்கள் சரிபார்த்துக்கொள்ளலாம், அவருக்குத் தெரியாமல்.

அடுத்த வாரம் முதல் எனக்கு இரவு வேலை. அங்கே பொழுது விடியும் நேரத்தில் அழைத்தால் விழித்திருப்பேன். காது மருத்துவர் என்ன சொன்னார் என்று மறக்காமல் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தங்கை