விரிசல் மூடிக்கொண்டது

திருச்சி
ஞாயிறு மாலை

அன்புள்ள சேகர்,

எட்டு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. பெண் கல்யாணத்துக்கும் வரவில்லை. கோபமாகத்தான் இருப்பாய், நேரில் திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சௌக்கியம், அம்மாவுக்கு மட்டும் முட்டிவலி.

புதன்கிழமை லேபில் பார்த்ததை உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும். பாக்டீரியா கலந்து போட்ட கான்கிரீட் பீமில் விரிசல் தானாகவே மூடிவிட்டது!

பசங்க மூன்று பேர் ப்ராஜெக்டுக்காகச் சின்னச் சின்ன பீம்கள் போட்டார்கள். அழுத்தி விரிசல் விட்டு, தண்ணீர்த் தொட்டியில் ஆறு வாரம் போட்டு வைத்தோம். லென்ஸில் பார்த்தால், 0.3 மி.மீ. விரிசல் நெடுக வெள்ளையாக, கோலப்பொடி இழுத்த மாதிரி ஒரு கோடு. நகத்தால் சுரண்டினேன். வரவில்லை. ஒரு துணுக்கைப் பெயர்த்து அமிலம் விட்டதும் நுரைத்தது. சுண்ணாம்புக்கல்லேதான்.

இது நெதர்லாந்தில், டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஹெங்க் யோங்கர்ஸ் 2006-இல் தொடங்கிய வேலை. அவர் நம்ம சிவில் ஆள் இல்லை, நுண்ணுயிரியல்காரர். சிமென்டின் காரத்தைத் தாங்கும் பாசில்லஸ் என்ற பாக்டீரியா வகைகளைத் தேடிப் பிடித்தார். அவை வித்தாகச் சுருண்டு வருஷக்கணக்கில் தூங்கும். அப்படியே கலவையில் கொட்டினால் சில மாதம்தான் தாங்கும். சிமென்ட் இறுக இறுக உள்ளே இருக்கும் துளைகள் சுருங்கி வித்துகளை நசுக்கிவிடும். அதனால் சுட்ட களிமண் உருண்டைகளுக்குள் ஒளித்து வைத்தார், கூடவே சாப்பாடும். விரிசல் விட்டுத் தண்ணீரும் காற்றும் உள்ளே போனதும் அவை விழித்து, அதைத் தின்று, சுண்ணாம்புக்கல்லாக மாற்றுகின்றன. தின்னும்போது ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்வதால் உள்ளே இருக்கும் கம்பி துருவேறுவதும் குறையும். சாப்பாடு என்ன தெரியுமா? கால்சியம் லாக்டேட், தயிர் புளிக்கிறதே, அந்த அமிலத்தின் உப்பு. மோர்க்குழம்பு சீனுவிடம் சொல்லிவிடாதே, அப்புறம் விடமாட்டான்.

ஆனால் சேகர், ஒன்று உண்டு. பாக்டீரியா போடாத பீமிலும் 0.15 மி.மீ. விரிசல் தானே மூடியிருந்தது. மெல்லிய விரிசலைத் தண்ணீர் பட்டால் சாதாரண கான்கிரீட்டே ஓரளவு அடைத்துக்கொள்ளும். டெல்ஃப்டிலும் நூறு நாள் தண்ணீரில் வைத்து ஒப்பிட்டார்கள்: சாதாரணமானது 0.18 வரைதான், பாக்டீரியா போட்டது 0.46 மி.மீ. வரை. அந்த இடைவெளிதான் பாக்டீரியாவின் சம்பாத்தியம். பசங்க அந்த வெறும் பீமைத் தூக்கிப் போடப் பார்த்தார்கள், நான் விடவில்லை.

நீ போனில் கேட்டாயே, யாரோ ஒரு வியாபாரி பாக்டீரியா பாட்டில் தருகிறானாம், புது வீட்டு ஸ்லாபில் கலக்கலாமா என்று. வேண்டாம்டா. உருண்டை இல்லாமல் வெறும் திரவமாக ஊற்றினால், விரிசல் விடும் நாளில் உள்ளே உயிரே இருக்காது. அந்தக் காசுக்கு, கம்பியை அடிப்பலகையில் ஒட்டாமல் தூக்கிப் பிடிக்கும் கவர் பிளாக்கைச் சரியாக வை, க்யூரிங்குக்கு, அதாவது கான்கிரீட் நன்றாக இறுக, ஸ்லாப் மேல் தண்ணீர் தேக்கி வை. கமலா அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளிக் கூரை பெயர்ந்து விழுந்ததே, அதற்குக் காரணம் பத்து வருஷமாக நாம் எல்லோரும் பார்த்துக்கொண்டே இருந்த ஒரு முடி விரிசல். தண்ணீர் இறங்கி, கம்பி துருவேறி ஊதி, கான்கிரீட்டைத் தள்ளிவிட்டது. பீமில் அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் எனக்கு முதலில் அத்தை முகம்தான் வந்தது.

இன்னொரு பீமில் 0.5 மி.மீ. விட்டிருக்கிறோம், இன்னும் மூடவில்லை. அடுத்த மாதக் கடைசியில் நூறாவது நாள். தொட்டியிலிருந்து எடுக்கும்போது நீ பக்கத்தில் இருக்க வேண்டும். டிக்கெட் போட்டுவிட்டுச் சொல், ஸ்டேஷனுக்கு வருகிறேன்.

உன்,
முருகேசன்