ஒன்பதாம் வகுப்புப் பெற்றோருக்கு: ஆச்சிமாரின் வாழ்க்கையைப் பதிவு செய்வது பற்றி

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பின் சமூக அறிவியல் செயல்திட்டம் இதுதான்: சபைக்காகவும் ஊருக்காகவும் நெடுங்காலம் உழைத்த, எண்பது வயது தாண்டிய ஓர் ஆச்சியின் வாழ்க்கையைக் கேட்டு எழுதி வர வேண்டும். திருச்சபையைச் சேராத பிள்ளைகள் தங்கள் தெருவில் அப்படி உழைத்த எந்தப் பெரியம்மாவையும் எடுத்துக்கொள்ளலாம்.

"பக்தி மிக்கவர், ஏழைகளுக்கு இரங்கியவர், ஜெபத்தில் உறுதியானவர்" என்று அடக்க ஆராதனை நோட்டீஸில் போடுவதைப் போல எழுதினால் மதிப்பெண் கிடையாது. என்ன செய்தார், எவ்வளவு, எத்தனை வருஷம், யாரெல்லாம் கூட நின்றார்கள் என்பது வேண்டும். சபை மன்றக் குறிப்பேட்டில் செயலர், பொருளாளர் பெயர்கள் இருக்கும். பெண்கள் ஐக்கிய சங்கத்தின் உழைப்போ பெரும்பாலும் ஒரு வரித் தொகையாகவே வரவு வைக்கப்பட்டிருக்கும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் நடந்ததெல்லாம் ஆச்சிமாரின் நினைவில்தான் இருக்கிறது.

பிடி அரிசியை எடுத்துக்கொள்ளுங்கள். உலை வைக்குமுன் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு, வாரம் ஒருமுறை சபைக் கோயிலுக்குக் கொடுப்பது நம் பக்கத்துப் பழக்கம். ஒரு பிடி 40 கிராம் என்றும், நாளுக்கு இரண்டு வேளை சமையல் என்றும் வைத்தால், ஒரு வீட்டில் வாரத்துக்கு 560 கிராம் சேரும். ஐம்பது வீடு கொடுத்தால் 28 கிலோ. இதை வீடு வீடாக வாங்கி வந்தவர் யார்? எந்தப் படியால் அளந்தார்கள்? ஏலம் விட்டார்களா, கடைக்குப் போட்டார்களா? வீட்டுக்கு வீடு பச்சரிசியும் புழுங்கலும் கலந்து வந்தால் என்ன செய்தார்கள்? பணம் ஊழியத்துக்குப் போனதா, கூரை ஓட்டுக்குப் போனதா? இந்தக் கேள்விகளோடு பிள்ளைகளை அனுப்புங்கள். அசனத்துக்கு (கோயிலில் எல்லாரும் சேர்ந்து உண்ணும் விருந்து) ஒரு கிலோ அரிசி எத்தனை பேருக்குக் கணக்கு, குழம்பு நீர்த்துவிட்டால் எப்படிச் சரிக்கட்டினார்கள் என்பதையும் கேட்கச் சொல்லுங்கள். இடையன்குடிப் பக்கத்து ஆச்சியானால் லேஸ் பின்னல் பற்றியும் கேட்கலாம். அங்கே பிஷப் கால்டுவெல்லின் மனைவி எலிசா அம்மையார் 19ஆம் நூற்றாண்டில் தொடங்கி வைத்த தொழில் அது. லேஸ் பின்னும் திண்டும் நூல்கட்டைகளும் வீட்டில் இன்னும் இருந்தால், ஓர் அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுக்கட்டும்.

வயதில்தான் அதிகம் தவறு வரும். ஆதாரில் உள்ள பிறந்த தேதியை நம்ப வேண்டாம். பள்ளியில் சேர்க்கும்போது உத்தேசமாகப் போட்ட தேதியே பலருக்கு நிலைத்துவிட்டது. ஞானஸ்நானப் பதிவேட்டில் பிறந்த தேதியும் ஞானஸ்நானம் பெற்ற தேதியும் அருகருகே இருக்கும், பிள்ளைகள் ஒன்றுக்குப் பதில் மற்றதை எழுதிவிடுவார்கள். கட்டிக்கொடுத்த ஊர்ச் சபையில் தேடினால் கிடைக்காது. பிறந்த ஊர்ச் சபையில்தான் தேட வேண்டும், அதுவும் வீட்டில் கூப்பிடும் பெயரில் அல்ல, ஞானஸ்நானப் பெயரில். சேகர குருவிடம் (அந்தப் பகுதிச் சபைகளின் பாதிரியார்) முன்கூட்டியே கடிதம் கொடுத்து அனுமதி பெறுங்கள். பழைய தாள் மடித்த இடத்தில் உடைந்துவிடும் என்பதால் பக்கத்தைப் பெரியவர்களே புரட்டட்டும்.

ஆச்சிக்கு வருஷம் நினைவிருக்காது, நடந்தது நினைவிருக்கும். திருமணம் நயா பைசா வருமுன்பா பின்பா (1957 ஏப்ரல்), தனுஷ்கோடிப் புயலின்போது (1964 டிசம்பர்) மடியில் எந்தப் பிள்ளை, சத்துணவு தொடங்கியபோது (1982) பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போனதா என்று கேட்டால் இரண்டொரு வருஷ வித்தியாசத்துக்குள் கணக்கு வந்துவிடும். "நாங்க சி.எம்.எஸ்., அவங்க எஸ்.பி.ஜி." என்று இரண்டு ஆங்கிலேய மிஷனரி சங்கங்களின் பெயரைச் சொல்லிப் பேசினால் அது 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாவதற்கு முந்தைய பேச்சு. ஆனால் பழக்கத்தில் பின்னாலும் அப்படிச் சொன்னவர்கள் உண்டு, அதனால் இதை மட்டும் வைத்து வருஷத்தை முடிவு செய்ய வேண்டாம். அணாவில் தொகை சொன்னால் அப்படியே எழுதட்டும். ரூபாய்க்குப் பதினாறு அணா என்ற குறிப்பு போதும்.

ஒலிப்பதிவுக்குக் காலை பத்து மணி வாக்கில் போவது நல்லது. ஒரு தடவைக்கு நாற்பது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். செல்போனை ஃபிளைட் மோடில் போட்டு, மடித்த துண்டின்மேல் ஒரு முழ தூரத்துக்குள் வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் டம்ளர் வைக்கும் சத்தம்கூட இடிபோல் விழும். மின்விசிறியை நிறுத்த முடியாவிட்டால் வேகத்தையாவது குறையுங்கள். முதலில் ஒரு நிமிடம் பதிந்து, கேட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்கட்டும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் மகனும் மருமகளும் ஆச்சிக்காகப் பதில் சொல்லிவிடுவது. தயவுசெய்து அந்த நேரம் பக்கத்து அறையில் இருங்கள். ஆச்சி பேசாமல் இருந்தால் பிள்ளை அடுத்த கேள்விக்குத் தாவாமல் பொறுத்திருக்கட்டும். கடன், பங்காளிச் சண்டை, இறந்த குழந்தை பற்றிப் பேச்சு வந்து, அவர் "இதை எழுதாதே" என்றால் எழுதக் கூடாது, பதிவிலிருந்தும் அழித்துவிட வேண்டும்.

மாதிரிக்கு வகுப்பில், டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரை எடுத்துக்கொண்டோம். 1867இல் அயர்லாந்தில் பிறந்து, 1895இல் இந்தியா வந்தவர். 1951 ஜனவரியில் இறக்கும்வரை ஒருமுறைகூடச் சொந்த நாடு திரும்பவில்லை. 83 வயது வாழ்ந்தார் என்பதைவிட, பிறந்த நாள் தெரியாத பிள்ளைகளுக்கு அங்கே வந்து சேர்ந்த நாளைக் கொண்டாடினார்கள் என்ற செய்தியே அந்த வீடு எப்படி நடந்தது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டியது. 1931இல் விழுந்து கால் முறிந்தபின் பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருந்த இருபது ஆண்டுகளில் அவர் எழுதிக்கொண்டே இருந்தார். படுக்கையில் இருக்கும் ஆச்சியிடம் இப்போது என்ன செய்கிறார் என்றும் கேட்கச் சொல்வது இதனால்தான்.

எழுத்து ஆறு பக்கத்துக்கு மிகாமல், ஆச்சியின் பேச்சு வழக்கைத் திருத்தாமல், ஆகஸ்ட் முதல் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் தர வேண்டும். கடைசிப் பக்கத்தில் ஆச்சியின் கையெழுத்தோ கைநாட்டோ இருக்கட்டும். அதற்கு முன் முழுவதையும் அவருக்கு உரக்க வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். ஒலிப்பதிவின் ஒரு பிரதி பள்ளி நூலகத்தில் இருக்கும், இன்னொன்றைப் பென் டிரைவில் போட்டு அந்த வீட்டுக்கே கொடுத்துவிடுவோம். செல்போன் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளியின் பதிவுக் கருவி உண்டு, இரண்டு நாளுக்கு முன் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்